பாக்கெட்டில் ஒரு குட்டி பிஸ்டல்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஹூஸ்டன் பக்கம் குடியிருக்கிறேன். பாக்கெட்டில் பிஸ்டல் வைத்துக்கொண்டு நடமாடிப் பல வருடப் பழக்கம். யார் வீட்டுப் பிறந்தநாள் விழாவுக்குப் போனாலும், சாப்பாடு முடிந்து ஆண்கள் எல்லாம் கேரேஜ் பக்கம் ஒதுங்கும்போது யாராவது ஒருவர் மெதுவாக வந்து "எனக்கும் ஒன்று வாங்கணும், எது நல்லது?" என்று ஆரம்பிப்பார். கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான். அதனால் எழுதி வைத்துவிட்டேன். இது முழுக்க அமெரிக்கச் சங்கதி, அதிலும் டெக்சாஸ் சங்கதி. வேறு மாநிலத்தில் இருந்தால் உங்கள் ஊர்ச் சட்டத்தை நீங்கள்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

நான் எச்-1பி விசாவில் இருக்கிறேன். வாங்கலாமா?

பொதுவாக முடியாது. பாதிப் பேருக்கு இந்த ஒரு பதிலே போதும், அதனால்தான் இதை முதலில் வைத்தேன். எச்-1பி, எஃப்-1, எல்-1 மாதிரியான தற்காலிக விசாக்காரர்கள் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக் கூடாது என்பது மத்திய அரசின் சட்டம். மாநிலம் எவ்வளவு தாராளமாக இருந்தாலும் இதில் மாற்றமில்லை. சில விதிவிலக்குகள் உண்டு. செல்லுபடியாகும் வேட்டை உரிமம் வைத்திருப்பது அவற்றில் ஒன்று. ஆனால் அதை நம்பிக் காரியத்தில் இறங்கும் முன் ஒரு வழக்கறிஞரைக் கேளுங்கள், கேரேஜில் நிற்கும் என்னைக் கேட்காதீர்கள். நண்பர்களோடு, சுட்டுப் பழகும் இடமான ரேஞ்சுக்குப் போய் வாடகைத் துப்பாக்கியில் சும்மா நாலு குண்டு சுடுவதும் சட்டத்தின் கண்ணில் 'வைத்திருத்தல்'தான். கிரீன் கார்டுக்காக வருடக்கணக்கில் வரிசையில் நிற்கிறவர் இதில் போய் மாட்டிக்கொள்ள வேண்டுமா?

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆகியிருக்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பிக் கொடுத்ததும் கடைக்காரர் உங்கள் பின்னணியைச் சரிபார்ப்பார். அந்தப் படிவத்தில் பொய் எழுதுவது தனிக் குற்றம். கஞ்சா பற்றிய கேள்வியும் அதில் இருக்கும். உங்கள் மாநிலத்தில் கஞ்சாவுக்கு அனுமதி இருந்தாலும் மத்தியச் சட்டம் அதைக் கணக்கில் எடுப்பதில்லை.

ஹேமர் பிஸ்டல் என்றால் என்ன? எல்லாம் துப்பாக்கிதானே?

ஹேமர் என்றால் சுத்தியல். விசையை இழுத்ததும் ஒரு சின்னச் சுத்தியல் சுழன்று வந்து ஊசியின் தலையில் அடிக்கும், ஊசி தோட்டாவின் அடியில் குத்தும், தோட்டா வெடிக்கும். கிளாக் மாதிரியான இன்னொரு வகையில் சுத்தியல் கிடையாது. ஊசியே ஸ்பிரிங்கோடு பின்னால் இழுபட்டு நிற்கும், விட்டால் பாயும். அதை ஸ்ட்ரைக்கர் என்கிறார்கள்.

இதில் உங்களுக்கு என்ன லாபம் என்றால், இரண்டு விஷயம். முதலாவது விசை. குட்டி ஹேமர் பிஸ்டல்களில் பலவற்றுக்கு விசை நீளமாக, கொஞ்சம் கனமாக இருக்கும். இலக்கைச் சரியாகச் சுட இது தொந்தரவு. ஆனால் தொடைக்குப் பக்கத்தில், துணிக்குள் நாள் முழுக்க கிடக்கிற ஒரு பொருளுக்கு அந்த நீளமே ஒரு பாதுகாப்பு. இரண்டாவது, ஸ்லைடை, அதாவது குழலுக்கு மேல் முன்னும் பின்னும் ஓடுகிற உலோகப் பாகத்தை, பின்னால் வராமல் பிடிக்கும் வேலையில் சுத்தியலின் ஸ்பிரிங்கும் பங்கு எடுத்துக்கொள்கிறது. அதனால் ஸ்லைடுக்கென்று இருக்கும் பெரிய ஸ்பிரிங்கைக் கொஞ்சம் இளக்கமாக வைக்க முடியும், கையால் ஸ்லைடை இழுப்பது சுலபமாகும். விரல் மூட்டு வலி இருப்பவர்களுக்கு இந்த இரண்டாவது விஷயம்தான் முக்கியம்.

சுத்தியல் வெளியே தெரிய வேண்டுமா, உள்ளேயே இருக்க வேண்டுமா?

பாக்கெட்டுக்கு என்றால் உள்ளே. வெளியே நீட்டிக்கொண்டிருக்கும் கொம்பு, எடுக்கிற அவசரத்தில் பாக்கெட் விளிம்பில் மாட்டும். வெளியே இருப்பதில் ஒரு நன்மை உண்டு. உறையில் செருகும்போது கட்டை விரலைச் சுத்தியல் மேல் வைத்துக்கொண்டால், விசையில் ஏதாவது சிக்கி இழுபட்டாலும் சுத்தியல் அசைவது விரலில் தெரிந்துவிடும். இடுப்பில் வைப்பவர்களுக்கு அது பெரிய நிம்மதி. பாக்கெட்காரர்களுக்கு அவ்வளவு பயனில்லை, ஏனென்றால் உறையோடு சேர்த்துத்தான் உள்ளே வைக்கப் போகிறோம்.

இது இன்று நேற்றுப் பிரச்சினை இல்லை. ஜான் பிரௌனிங் வடிவமைத்த, கோல்ட் கம்பெனியின் 1903 பாக்கெட் மாடலை 'ஹேமர்லெஸ்' என்று பெயர் வைத்துத்தான் விற்றார்கள். சுத்தியல் இல்லாதது என்று அர்த்தம். திறந்து பார்த்தால் சுத்தியல் உள்ளே உட்கார்ந்திருக்கும், வெளியே தெரியாது, அவ்வளவுதான். விளம்பரக்காரர்கள் அன்றும் இப்படித்தான்.

சரி, எந்த மாடல்?

கடைசியில் எல்லாரும் வந்து நிற்பது இங்கேதான். கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

இன்றைக்கு நாம் பார்க்கிற மெல்லிய பாலிமர் பாக்கெட் பிஸ்டலுக்கு வழி போட்டது கெல்-டெக் என்ற கம்பெனி. அவர்களுடைய பி-32, 32 தோட்டா போடுவது (32, 380 எல்லாம் தோட்டாவின் தடிமனைச் சொல்லும் எண்கள்), காலியாக இருக்கும்போது 190 கிராமைத் தொடாது. பர்ஸை விட லேசு என்று சொன்னால் மிகையில்லை. பிறகு 380 தோட்டாவுக்கு பி-3ஏடி வந்தது. அதே பாணியில் ரூகர் 2008இல் எல்சிபி கொண்டு வந்தது, சுமார் 270 கிராம். ஊரே வாங்கியது. அந்த வருடமே, கீழே விழுந்தால் வெடிக்க வாய்ப்பு உண்டு என்று சொல்லி ஆரம்ப கால எல்சிபிகளை ரூகர் திரும்பப் பெற்றுச் சரிசெய்து கொடுத்தது. பழையது யாரிடமாவது வாங்கினால் வரிசை எண்ணைச் சொல்லி, அந்தச் சரிபார்ப்பு முடிந்ததா என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

பழைய எல்சிபியின் விசை நீளம். 2016இல் வந்த எல்சிபி 2இல் ஸ்லைடை இழுத்தவுடனே சுத்தியல் நன்றாகவே பின்னால் போய் நிற்கும், அதனால் விசை குட்டையாகவும் இளக்கமாகவும் இருக்கும். விசையின் நடுவில் ஒரு சின்னத் தகடு பாதுகாப்புக்கு உண்டு. சுட சுகம். 2021இல் வந்த எல்சிபி மேக்ஸ் அந்தக் குடும்பத்தின் கடைக்குட்டி. சுமார் 300 கிராம்தான், ஆனால் மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், 10 தோட்டா பிடிக்கும், குறி பார்க்கிற முள்ளும் ஒழுங்காகக் கண்ணுக்குத் தெரியும். பழைய எல்சிபியில் இருப்பது முள் இல்லை, வேர்க்குரு.

ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் முதல் பாடிகார்ட் 380க்கு (2010) ஒரு தனிக் குணம். தோட்டா வெடிக்காமல் போனால் விசையை மறுபடி இழுத்தாலே சுத்தியல் இன்னொரு முறை அடிக்கும். எல்சிபியில் அது முடியாது, ஸ்லைடை இழுத்தாக வேண்டும். இதைப் பெரிய வசதியாகச் சொல்வார்கள். என்னைக் கேட்டால், வெடிக்காத தோட்டாவை வெளியே தள்ளிவிட்டு அடுத்ததை ஏற்றப் பழகுவதுதான் மேல். பாடிகார்டின் விசை வேறு ரொம்பக் கனம், ஒரு பெட்டித் தோட்டா சுட்டு முடித்தால் ஆள்காட்டி விரல் கெஞ்சும்.

சிக் பி238 வேறு சாதி. பெரிய 1911 பிஸ்டலைச் சுருக்கிய மாதிரி, கோல்ட் மஸ்டாங் வழி வந்தது. சுமார் 430 கிராம். உலோகச் சட்டகம், அருமையான விசை, சுடும்போது கையில் விழும் உதை குறைவு, குட்டித் துப்பாக்கிகளில் சுடுவதற்கு இவ்வளவு இனிமையானது எனக்குத் தெரிந்து வேறில்லை. ஆனால் அதைச் சுத்தியலை முழுவதும் பின்னால் வைத்து, கட்டை விரலால் தள்ளும் சேஃப்டிப் பூட்டைப் போட்டு வைத்திருக்க வேண்டும். குட்டையான இளக்கமான விசை, ஒரு சின்ன நெம்புகோல் காவல். இடுப்பு உறையில் சரி. பாக்கெட்டில் எனக்கு மனசு ஒப்பவில்லை. வைத்திருப்பவர்கள் சண்டைக்கு வருவார்கள், வரட்டும்.

வால்தர் பிபிகே அழகு. 1931 முதல் இருக்கிறது. ஆனால் உலோகக் கட்டி, பாக்கெட் தொங்கும். அதில் குழல் பூட்டப்படுவதில்லை, ஸ்லைடின் எடையும் ஸ்பிரிங்கும் மட்டும்தான் வெடிப்பைத் தாங்குகின்றன. அதனால் அதே 380 தோட்டா, பாதி எடை கூட இல்லாத எல்சிபிக்குச் சவால் விடும் அளவுக்கு உதைக்கும். கை பெரிதாக இருந்தால் ஸ்லைடு பெருவிரல் இடுக்கைக் கீறும். சினிமா ஆசையில் வாங்கி, அலமாரியில் வைத்திருக்கும் மூன்று பேரைத் தெரியும்.

புதிதாக வாங்குகிறவருக்கு என் பதில்: எல்சிபி மேக்ஸை ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து 50 தோட்டா சுட்டுப் பாருங்கள். கை ஒத்துக்கொண்டால் அதோடு தேடலை நிறுத்திக்கொள்ளுங்கள்.

380 போதுமா? 9 மில்லிமீட்டர் வேண்டாமா?

9 மில்லிமீட்டர் பலசாலி, அதில் வாதமில்லை. 2018இல் சிக் பி365 வந்த பிறகு சுமார் அரைக் கிலோவில் 10 தோட்டா பிடிக்கும் 9 மில்லிமீட்டர் கிடைக்கிறது. ஸ்ட்ரைக்கர் வகைதான். இடுப்பில் வைப்பதாக இருந்தால் அதை வாங்கிவிட்டு இந்தப் பக்கத்தை மூடிவிடலாம். பாக்கெட் என்று வந்தால்தான் 200 கிராம் வித்தியாசம் பெரிதாகத் தெரியும்.

380ஐ பொம்மை என்று நினைக்கவும் வேண்டாம். ஐரோப்பாவில் இதன் பெயர் 9 மில்லிமீட்டர் குட்டை. 1948 ஜனவரி 30 அன்று காந்தியைக் கொன்ற பெரெட்டா 1934 சுட்டது இந்தத் தோட்டாதான். அதற்கு மேல் அதன் சக்தியைப் பற்றி நான் எழுத விரும்பவில்லை.

தோட்டா வகையில் ஒரு குழப்பம் உண்டு. நுனியில் குழி வைத்த ஹாலோ பாயிண்ட், குட்டிக் குழலிலிருந்து மெதுவாகப் புறப்படுவதால் சில சமயம் விரியாது, விரிந்தாலும் ஆழம் போகாது. எஃப்பிஐ சோதனையில், சதைக்குப் பதிலாக வைக்கும் ஜெலட்டினில் குறைந்தது 12 அங்குலம் போக வேண்டும் என்பார்கள், 380இல் பல தோட்டாக்கள் அங்கே திணறும். நுனியில் குழி இல்லாமல் முழுக்க உலோக உறை போட்ட தோட்டா ஆழம் போகும், ஆனால் ஊடுருவி அந்தப் பக்கம் போகிற பயம் உண்டு. எதை எடுத்தாலும் உங்கள் பிஸ்டல் அதைச் சிக்காமல் ஏற்றுகிறதா என்று பார்ப்பதுதான் முதல் வேலை. நியூ ஜெர்சிக்காரர்கள் ஹாலோ பாயிண்ட்டுக்கே அங்கே தனிக் கட்டுப்பாடு இருப்பதை மறக்க வேண்டாம்.

ரிவால்வர் வாங்கினால் என்ன?

நல்ல கேள்வி, அதுவும் ஹேமர் வகைதானே. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 642, ரூகர் எல்சிஆர் இரண்டிலும் சுத்தியல் உள்ளேயே மறைந்திருக்கும். ஸ்லைடு இழுக்க வேண்டாம், தோட்டா சிக்காது, பாக்கெட் பஞ்சைப் பற்றிப் பெரிதாகக் கவலைப்படாது. ஆனால் ஐந்தே தோட்டா, உருளை தடிமன், விசை ரொம்ப நீளம், லேசான மாடலில் உதை கையை உலுக்கும். பிஸ்டலை விட இதைக் குறி பார்த்துச் சுடப் பழக அதிக நாள் ஆகும். 'ரிவால்வர் சுலபம், புதுசா ஆரம்பிக்கிறவருக்கு அதுதான்' என்று கடையில் சொன்னால் தலையாட்டிவிட்டு வந்துவிடுங்கள்.

என் மனைவியால் ஸ்லைடை இழுக்க முடியவில்லை

முதலில், இழுக்கிற முறையைச் சரிபாருங்கள். துப்பாக்கியை உடம்போடு ஒட்டிப் பிடித்து, ஸ்லைடை உள்ளங்கை முழுவதாலும் பற்றி, அதை இழுப்பதற்குப் பதில் பிடியை முன்னால் தள்ளச் சொல்லுங்கள். அப்போதும் குழல் முனை யார் பக்கமும் திரும்பக் கூடாது, விரல் விசைக்கு வெளியே. பாதிப் பேருக்கு இதிலேயே பிரச்சினை தீர்ந்துவிடும்.

தீராவிட்டால் இரண்டு வழி. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன் 380 ஷீல்டு ஈஸி, பெயருக்கு ஏற்ற மாதிரி இழுக்க வெண்ணெய். உள்ளே சுத்தியல் இருப்பதுதான் காரணம். ஆனால் அரைக் கிலோவுக்கு மேல், பாக்கெட்டுக்கு ஆகாது, கைப்பைக்கும் நான் சொல்ல மாட்டேன். கைப்பையை மேஜையில் வைத்துவிட்டுப் பாத்ரூம் போகிற பழக்கம் எல்லாருக்கும் இருக்கிறது. இரண்டாவது வழி பெரெட்டாவின் டாம்கேட் அல்லது பாப்கேட். ஒரு சின்ன நெம்புகோலை அழுத்தினால் குழலின் பின்பக்கம் மேலே எழும்பும், தோட்டாவை நேராக அதில் வைத்து மூடிவிடலாம், ஸ்லைடைத் தொடவே வேண்டாம். தோட்டா சின்னது, 32 அல்லது 22. கையால் முடிகிற 32, கையால் முடியாத 9 மில்லிமீட்டரை விட மேல்.

அப்புறம், மனைவிக்கான துப்பாக்கியைக் கணவன் தேர்ந்தெடுக்காதீர்கள். புடவை எடுக்கப் போனால் என்ன நடக்குமோ அதேதான் இங்கேயும்.

பாக்கெட்டில் அப்படியே போட்டுக்கொள்ளலாமா?

கூடாது. கூடவே கூடாது. பாக்கெட் உறை கட்டாயம். விசையை முழுவதும் மூட வேண்டும், வெளியே எடுக்கும்போது உறை பாக்கெட்டிலேயே தங்கிவிட வேண்டும். அந்தப் பாக்கெட்டில் வேறு எதுவும் இருக்கக் கூடாது. சாவி இல்லை, சில்லறை இல்லை, குழந்தை கொடுத்த சாக்லேட் காகிதமும் இல்லை. ஒரு சாவிக்கொத்து விசைக்குள் நுழைந்தால் போதும், தொடை போய்விடும்.

உட்கார்ந்த நிலையில், முக்கியமாகக் காரில் பெல்ட் போட்டிருக்கும்போது, முன் பாக்கெட்டிலிருந்து எடுப்பது கிட்டத்தட்ட நடக்காத காரியம். இதை யாரும் விளம்பரத்தில் சொல்வதில்லை. தோட்டா இல்லாத துப்பாக்கியோடு வீட்டில் நாற்காலியில் உட்கார்ந்து ஒருமுறை முயன்று பாருங்கள், சிரிப்பு வரும்.

பஞ்சு இன்னொரு தலைவலி. ஒரு ஹூஸ்டன் கோடை முழுக்க அரைக்கால் சட்டையில் வைத்திருந்துவிட்டு, செப்டம்பரில் பிரித்துப் பார்த்தபோது உள்ளே மெத்தைக் கடை மாதிரி இருந்தது. அதுவும் வியர்வையில் ஊறிய மெத்தை. அன்றிலிருந்து இரண்டு வாரத்துக்கு ஒருமுறை பிரித்துத் துடைத்து, ஒரு சொட்டு எண்ணெய். வேட்டிக்கு வழி கேட்டவருக்கு: வழி இல்லை, பொங்கல் விழா அன்று துப்பாக்கி வீட்டில் இருக்கட்டும்.

எவ்வளவு பயிற்சி வேண்டும்?

பெரிய துப்பாக்கிக்கு வேண்டியதை விட அதிகம். குட்டி என்றால் சுலபம் என்று எல்லாரும் நினைக்கிறார்கள், உண்மை தலைகீழ். பிடியில் இரண்டு விரல்தான் நிற்கும், சுண்டு விரல் காற்றில் ஆடும். எடை இல்லாததால் உதை முழுக்க மணிக்கட்டுக்கு. மணிக்கட்டு தளர்ந்தால் ஸ்லைடு முழுப் பயணம் போகாமல் தோட்டா சிக்கும், 'துப்பாக்கி சரியில்லை' என்று கடையில் போய்ச் சண்டை போடுவோம். நானும் போட்டிருக்கிறேன்.

ஆரம்பத்தில் 200 தோட்டா சுட்டு, சிக்காமல் ஓடுகிறது என்று தெரிந்த பிறகுதான் பாக்கெட்டில் வைத்தேன். பிறகு மாதம் ஒருமுறை 50. 380 தோட்டா 9 மில்லிமீட்டரை விட விலை அதிகம் என்பதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள். ஏழு கெஜத்தில், அதாவது ஒரு ஹாலின் நீளத்தில், ஒரு சாப்பாட்டுத் தட்டுக்குள் எல்லாம் விழுந்தால் போதும்.

வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருக்கிறார்கள்

அப்படியானால் துப்பாக்கிக்கு முன் பெட்டகம் வாங்குங்கள். எண்களை அழுத்தினால் சட்டென்று திறக்கிற சின்ன இரும்புப் பெட்டி, கட்டிலோடு கம்பியால் பிணைத்தது. இடுப்பிலோ பாக்கெட்டிலோ இல்லாத நேரமெல்லாம் அதற்குள். அலமாரி மேல் தட்டு, மெத்தைக்கு அடி, புடவை மடிப்பு எல்லாம் பிள்ளைகளுக்கு நம்மை விட நன்றாகத் தெரியும்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும், கேரேஜில் யாரும் கேட்காத விஷயம். அமெரிக்காவில் துப்பாக்கியால் போகிற உயிர்களில் பாதிக்கு மேல் தற்கொலை. வீட்டில் யாராவது மனச்சோர்வில் இருந்தால், வேலை போன நேரம், மணமுறிவு நேரம் என்றால், இப்போது வாங்க வேண்டாம். ஏற்கெனவே இருந்தால் கொஞ்ச நாள் வீட்டை விட்டு அகற்றிவிடுங்கள். எப்படி, யாரிடம் ஒப்படைக்கலாம் என்று துப்பாக்கிக் கடையிலேயே கேட்கலாம்.

டெக்சாஸில் லைசென்ஸ் வேண்டுமா?

2021 செப்டம்பர் 1 முதல், சட்டத் தடை எதுவும் இல்லாத 21 வயதானவர் லைசென்ஸ் இல்லாமலே வைத்துக்கொள்ளலாம். ஆனாலும் எடுத்துவிடுங்கள். வேறு பல மாநிலங்கள் டெக்சாஸ் லைசென்ஸை ஏற்கின்றன, பள்ளிக்கூடங்களைச் சுற்றியுள்ள 1000 அடி மத்தியச் சட்டத்திலும் லைசென்ஸ்காரருக்கு விலக்கு உண்டு. பிள்ளையைப் பள்ளியில் இறக்கிவிடப் போகிறவருக்கு இது சின்ன விஷயம் இல்லை. பள்ளிக் கட்டடத்துக்குள், தபால் நிலையத்தில், 51 சதவீதம் என்று சிவப்பில் எழுதிய (வருமானத்தில் பாதிக்கு மேல் அங்கேயே குடிக்கும் மதுவில் வருகிற) மதுக்கூடத்தில், கதவில் தடைப் பலகை வைத்த இடத்தில் கூடாது. கோயில் வாசலிலும் பலகை இருக்கிறதா என்று பாருங்கள். பலகை இல்லாவிட்டாலும் நான் காரில் பூட்டி வைத்துவிட்டுத்தான் போகிறேன். அது சட்டமில்லை, என் மனசு.

ஊருக்குப் போகும்போது?

துப்பாக்கியை எடுத்துப் போகப் போவதில்லை, அது தெரியும். பிரச்சினை தோட்டாவில். இந்திய விமான நிலையங்களில் பையின் மூலையில் கிடந்த ஒற்றைத் தோட்டாவுக்காக ஆயுதச் சட்டத்தின் கீழ் வழக்கு வாங்கியவர்கள் உண்டு. ரேஞ்சுக்கு எடுத்துப் போன முதுகுப்பையைப் பிறகு லேப்டாப் பையாக்கி, அதோடு சென்னை போய் இறங்குவதுதான் வழக்கமான கதை. சுட்டுத் தீர்ந்த வெற்று உறைகளையும் பையில் விடாதீர்கள், அதற்கும் உட்கார வைத்து விசாரிப்பார்கள். துப்பாக்கி சம்பந்தப்பட்டதற்கு என்று ஒரு பை, அது வேறெதற்கும் பயன்படக் கூடாது. என்னுடையது பளிச்சென்ற ஆரஞ்சு நிறம். எங்கள் வீட்டில் வேறு எந்தப் பையும் ஆரஞ்சில் கிடையாது, மகள் ஒன்று கேட்டாள், நீலம் வாங்கிக் கொடுத்தேன்.